மருந்து இறங்கும் வரை

இருட்டிய பிறகு மலை ஆஸ்பத்திரி வாசலில் நாய் குரைப்பது கேட்டது. விரட்டப் போன வாட்ச்மேன் அப்படியே நின்றுவிட்டார். அங்கே நாய் இல்லை. ஒரு தாயின் தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. இருமி முடித்து உள்ளே இழுத்த மூச்சு கீச்சென்று கூவியது.

டாக்டர் பொன்னம்பலம் ஓடி வந்தார். பெரியவர்களின் நுரையீரலையே பார்த்துப் பழகியவர். தலை நரைத்த பிறகு குழந்தை வைத்தியம் கற்க வந்திருந்தார். அவருடைய குரு டாக்டர் கிளாராவுக்கு அவர் மகள் வயதுதான்.

"குரல்வளை வீங்கியிருக்கு டீச்சர். தொண்டையைப் பாத்துடறேன்."

டார்ச்சைக் கண்டதும் குழந்தை வீறிட்டது. அழ அழ மூச்சு திணறி, விலாவுக்குக் கீழே தோல் குழிந்தது.

"அணைங்க டாக்டரய்யா. தொண்டை எங்கயும் ஓடிப் போயிடாது."

கிளாரா தாயையும் குழந்தையையும் அறைக்குள் அழைத்துப்போய், மருந்தை அளந்து தாயின் கையில் கொடுத்தார். தாய் ஊட்டினாள்.

பொன்னம்பலத்துக்கு நிலைகொள்ளவில்லை. "புது ஆராய்ச்சியெல்லாம் வாசிச்சிருக்கேன். எந்த மருந்து, எவ்வளவுன்னு இருக்கு. அது வேலை செய்ய நேரமாகுமே, அதுவரைக்கும் என்ன செய்யறது?"

கிளாரா சுவிட்சிடம் போனார். பெரிய விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கண் மட்டும் குழந்தையின் நெஞ்சைவிட்டு நகரவில்லை.

"உம் பேரென்னம்மா?"

"அமலி." அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "எம்புள்ள பொழைச்சிருமா டாக்டரம்மா?"

"மடியில வச்சுக்க. வீட்டுல என்ன பாடித் தூங்க வைப்பே?"

"பாட வராதுங்க. இவ அப்பா பஸ் கண்டக்டர். ஸ்டாப் பேரைச் சொன்னாத்தான் தூங்குவா."

"அப்போ டிக்கெட் போடு."

அமலிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "வத்தலக்குண்டு... காட்ரோடு... டம்டம் பாறை..."

ஊத்து ஸ்டாப் வந்தபோது குழந்தையின் அழுகை நின்றிருந்தது. பெருமாள்மலையில் கூவலும் தேய்ந்தது. குழந்தையின் இமைகள் சொருகின.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள். பின்னால் வாட்ச்மேன், பக்கத்து வார்டுக்காரர்கள் இருவர். கிளாரா எல்லாரையும் கையசைத்து அனுப்பினார். கடைசியாகப் பொன்னம்பலத்தைப் பார்த்தார்.

"நானுமா டீச்சர்?"

"நீங்களுந்தான்."

"மறுபடி திணறினா?"

"நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தேவைன்னா கூப்பிடறேன்."

"என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலியே."

கிளாரா அவர் தோளைத் தொட்டு மெல்ல வெளியே நகர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க. அந்தப் பதிலைத்தான் உள்ள நாங்க மூணு பேரும் சேந்து சொல்லிக்கிட்டிருக்கோம்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.