நோயின் முழுப்பெயர்

“இன்னொரு தடவை அந்த அம்மாவைக் குத்த என்னால முடியாது மேடம்,” என்றார் பொன்னரசு.

ஷமீமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

பொன்னரசு, மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும், தலை நரைத்த டாக்டர். நுரையீரல் புற்றுநோயைக் கண்டறியும் முறைகளைக் கற்க, தன்னைவிட வயதில் இளைய நிபுணர் ஷமீமாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

“போன தடவை விலா வழியா ஊசி போட்டேன். நுரையீரல்லேருந்து காத்து கசிஞ்சு, மூச்சுக்குத் தவிச்சுட்டாங்க. புற்றுநோய்னு மட்டும்தான் தெரிஞ்சுது. எந்த வகைன்னு சொல்ற மரபணுச் சோதனைக்குச் சதை போதல. ரத்தத்துல தேடியும் ஒண்ணும் அகப்படல.”

“அதனால?”

“எல்லாருக்கும் கொடுக்கிற கீமோவையே கொடுத்துடலாம்.”

ஷமீமா எழுந்தார். பெண்கள் வார்டு வாசலில் போய் நின்றார்.

“அம்மா, கொஞ்சம் வாங்க!”

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை.

“அமலோற்பவம்!”

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். தூத்துக்குடியில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர். பீடி, சிகரெட் புகைத்ததே இல்லை. வாசலுக்கு வருவதற்குள் மூச்சு இரைத்தது.

பின்னால் வந்திருந்த பொன்னரசு தலையைக் குனிந்துகொண்டார்.

“மறுபடி கொஞ்சம் சதை எடுக்கணும்மா,” என்றார் ஷமீமா. “இந்தத் தடவை வாய் வழியா, மூச்சுக்குழாய்க்குள்ள போய். பயமா இருக்கா?”

“இருக்கு டாக்டரம்மா.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எடுங்க.”

மறுநாள் காலை, நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய மெல்லிய குழாயை ஷமீமா பொன்னரசின் கையில் கொடுத்தார்.

“எனக்கும் பயமா இருக்கு மேடம்.”

“இருக்கட்டும். காத்திருக்கேன்.”

காத்திருந்தார்.

திரையில் மூச்சுக்குழாயை ஒட்டி ஒரு நெறிக்கட்டி தெரிந்தது. பொன்னரசு ஊசியைச் செலுத்தினார். பக்கத்து மேசையில், எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆய்வகப் பெண் இல்லையென்று தலையசைத்தாள்.

“வெறும் ரத்தம் சார்.”

பொன்னரசு ஷமீமாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் உள்ளே,” என்றார் ஷமீமா.

மறுபடி. மறுபடியும்.

“வந்துடுச்சு. சோதனைக்குப் போதும் சார்.”

சோதனை முடிவு வந்தது: நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றில் ஒருவர் இருவருக்கே இருக்கும் மரபணுக் கோளாறு. அதற்கென்றே ஒரு மாத்திரை இருந்தது.

சில வாரங்களில் அமலோற்பவம் மாடிப்படி ஏறி வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி வைத்திருந்தார்.

“இந்த மாத்திரை எவ்வளவு காலத்துக்குக் கேக்கும் டாக்டர்?”

பொன்னரசு ஷமீமாவின் பக்கம் திரும்பினார். அவர் ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வருஷக்கணக்கா கேக்கலாம்மா,” என்றார் பொன்னரசு. “ஆனா ஒருநாள் நோய் மாறிக்கும். மாத்திரைக்கு அடங்காது.”

“அப்புறம்?”

பொன்னரசு நாற்காலியை அமலோற்பவத்தின் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“என்னவா மாறியிருக்குன்னு நானே மறுபடி சதை எடுத்துப் பாப்பேன்.”