கல்லைக் கொதிக்க வைத்த நரி

காட்டோரத்தில் ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு அந்தப் பக்கம் மனிதர்களின் சுண்ணாம்புக் காளவாய். இந்தப் பக்கம் ஒரு நரி, ஒரு கரடி, ஒரு கீரி, கொஞ்சம் முயல்கள்.

அந்த வருடம் மார்கழிக் குளிர் எலும்பு வரை இறங்கியது. கரடிக்கு முழங்கால் மடங்கவில்லை. முயல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் படுத்தன. அடியில் கிடந்த முயல் மட்டும் குளிரைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்கு மூச்சு விடவே நேரம் போதவில்லை.

ஒரு நாள் காட்டுப் பாதையில் போன வண்டியிலிருந்து ஒரு மூட்டை விழுந்தது. தின்பதற்கு ஏதோ இருக்கிறது என்று நரி அதைக் கிழித்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கற்கள். ஒன்றை எடுத்துக் கடித்தது. நாக்கு சுரீரென்று எரிந்தது. துப்பிவிட்டுப் பார்த்தால், எச்சில் பட்ட கல் உஸ்ஸென்று சீறி, வெடித்து, ஆவி விட்டது.

ஒரு பக்கம் நாக்கு வெந்தது. இன்னொரு பக்கம் யோசனை பிறந்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு போய்த் தன் வளையில் ஒளித்து வைத்தது நரி.

மாலையில் எல்லோரையும் ஒரு பாறைக் குழி அருகே கூப்பிட்டது.

“நான் மந்திரம் சொன்னால் கல் கொதிக்கும். ஆனால் யாரும் தொடக்கூடாது. சுற்றி உட்கார்ந்து குளிர் காயலாம். ஆளுக்கு ஒரு நண்டு கொண்டுவந்தால் போதும்.”

குழியில் கற்களைப் போட்டு, வாய்க்கு வந்ததை முணுமுணுத்து, கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. கற்கள் சீறின, உப்பின, பொடிந்து கொதித்தன. அனல் அடித்தது. கரடி முழங்காலை நீட்டிக்கொண்டு கண்களை மூடியது. முயல்கள் முதல் தடவையாகத் தனித்தனியாக உட்கார்ந்தன.

அன்றிலிருந்து நரிக்கு வேட்டைக்குப் போகிற வேலை இல்லை. நண்டு தின்று தின்று வயிறு தொங்கியது.

கீரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். “நரியண்ணே, நேற்றுக் கொதித்த கல்லிலேயே இன்றும் தண்ணீர் ஊற்றலாமே. எதற்குப் புதுக் கல்?”

“ஒருமுறை மந்திரம் கேட்ட கல்லுக்குக் காது அடைத்துவிடும் அக்கா.”

கீரி நம்பவில்லை. நேற்றைய கல் கரைந்த குழம்பில் தானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மோர்போலக் கலங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

மூட்டை தீர்ந்தது. நரி அசரவில்லை. மலைச்சரிவில் வெள்ளையாகச் சுக்கான்கல் கொட்டிக் கிடந்தது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதானே! அதைப் பொறுக்கி வந்து குழியில் போட்டு, மந்திரம் சொல்லித் தண்ணீர் ஊற்றியது.

கல் நனைந்தது. வேறு எதுவும் ஆகவில்லை.

நரி உரக்க மந்திரம் சொன்னது. இன்னும் ஒரு கொட்டாங்குச்சி ஊற்றியது. குழியைச் சுற்றி ஓடி ஊளையிட்டது.

“போதும் அண்ணே,” என்றது கீரி. “கல்லுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும்.”

“உங்களில் யாரோ நம்பிக்கை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்,” என்றது நரி.

“நம்பிக்கை இருக்கிறது. உனக்கு நண்டுதான் இல்லை,” என்று சொல்லிவிட்டு, தான் கொண்டு வந்த நண்டைத் தானே தின்றது கரடி.

மறுநாள் மதியம் நரி ஓடையைத் தாண்டிக் காளவாய்க்குப் போனது. வேலையாட்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காளவாய்ச் சுவரில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

“கொதிக்கிற கல் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டது நரி.

“எல்லாம் உங்கள் மலைச் சுக்கான்கல்தான்,” என்றது காகம். “உள்ளே விறகும் கல்லுமாக அடுக்கி, இரவு பகலாக எரிப்பார்கள். எத்தனை மரம் சாம்பலாகிறது தெரியுமா? அத்தனை நெருப்பையும் குடித்துத்தான் கல் இப்படி மாறுகிறது. தண்ணீர் பட்டால் குடித்த சூட்டில் ஒரு பங்கைக் கக்கிவிடும். கக்கியபின் அதனிடம் ஒன்றும் இருக்காது.”

“விறகுக் கதை எனக்கு எதற்கு? மூட்டை எங்கே?”

“அதோ. ஆனால் நனையாமல் கொண்டு போ.”

கடைசி வாக்கியம் நரியின் காதில் விழவில்லை. அதற்குள் ஒரு மூட்டையின் கயிற்றில் தலையை நுழைத்து, முதுகில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. பின்னால் யாரோ அதட்டினார்கள். நரி பாய்ந்து ஓடியது. ஓடையின் நடுவே கால் வழுக்கி, மூட்டையோடு விழுந்து எழுந்தது.

கரையேறியதும் முதுகு இதமாக இருந்தது. ‘ஆகா, குளிருக்கு நடமாடும் அடுப்பு’ என்று நினைத்தது. பத்தடி போவதற்குள் இதம் சூடாகிவிட்டது. பிறகு சுட்டது. பிறகு மூட்டை புகைந்தது. கயிறு கழுத்தில் இறுகிக்கொண்டதால் கழற்ற முடியவில்லை. அலறிக்கொண்டு ஓடிவந்தது.

“நரியண்ணன் இன்று மந்திரம் சொல்லாமலே கொதிக்கிறார்,” என்றது ஒரு முயல்.

சுட்டால் தண்ணீரில் குதிக்க வேண்டும் என்பதுதான் நரிக்குத் தெரியும். ஓடை மடுவில் குதித்தது. மூட்டை முன்னைவிட மூர்க்கமாகப் பொங்கியது.

கரடி முழங்கால் வலியையும் மறந்து மடுவில் இறங்கியது. நகத்தால் கயிற்றை அறுத்து மூட்டையைக் கரைக்கு வீசியது. நரியின் கழுத்தைப் பிடித்து, ஓடுகிற நீரில் முதுகை வெகுநேரம் அலசியது. நரி உயிர் பிழைத்தது. முதுகில் மயிர்தான் மிஞ்சவில்லை.

முனகிக்கொண்டே நரி எல்லா உண்மையையும் சொன்னது. மந்திரம் இல்லை, விழுந்த மூட்டைதான். சூடு கல்லுடையதும் இல்லை, காளவாயில் எரிந்த விறகு கொடுத்தது.

கீரி சற்று யோசித்தது. “அப்படியானால் எங்கள் நண்டெல்லாம் விறகு வெட்டினவனுக்கல்லவா போயிருக்க வேண்டும்? நீ எதற்குத் தின்றாய்?”



பொழுது சாய்ந்தது. மயிரில்லாத முதுகில் குளிர் ஊசியாய்க் குத்தியது. நரியின் பற்கள் கிட்டிக்கொண்டன. கரடி அதைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது. முயல்களும் வந்து ஒட்டிக்கொண்டன.

“உங்கள் உடம்பில் மட்டும் எப்படி அண்ணே இவ்வளவு சூடு?” என்று நரி கரடியிடம் மெதுவாகக் கேட்டது.

“காலையில் தின்ற தேனும் கறையானும் உள்ளே எரிகின்றன. சாப்பிடாமல் கிடந்தால் நானும் சுடாத பச்சைச் சுக்கான்கல்தான்.”

நரி தன் தொங்கும் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அதிலிருந்த சூடும் மற்றவர்கள் பிடித்துக் கொடுத்த நண்டால் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. விடிந்ததும் முதுகு எரிச்சலோடு ஓடைக்குப் போய், எல்லோருக்குமாக நண்டு பிடிக்கத் தொடங்கியது. முதல் நண்டு அதன் மூக்கைப் பிடித்தது. அதையும் கரடிக்கே கொடுத்தது.

எந்தச் சூடும் சும்மா பிறப்பதில்லை. எங்கோ ஒருவர் கொடுத்ததைத் தன் சாமர்த்தியம் என்று சொல்லிப் பிழைப்பவர் ஒருநாள் அதிலேயே வெந்துபோவார்.