சிலும்பியின் விடையாட்டம்

பொந்துக்காட்டில் சிலும்பி என்றொரு இளங்கீரி இருந்தாள். அன்று விடிந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளைக்குள் போனாள், வெளியே வந்தாள். கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். குட்டி போட்ட பூனை என்பார்களே, அந்தப் பூனையே பார்த்திருந்தால்கூட "கொஞ்சம் உட்காரம்மா" என்று சொல்லியிருக்கும்.

விஷயம் இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மூலிகைக் கல்லூரி இருந்தது. வருஷத்துக்கு நாற்பது பேரைத்தான் சேர்ப்பார்கள். சிலும்பிக்கு முப்பத்தொன்பதாவது இடம் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலம் மணி அடிப்பதற்குள் வந்து பெயர் கொடுக்காவிட்டால், அந்த இடம் கல்லூரி வாசலிலேயே பாயை விரித்துக் காத்திருக்கும் முயலுக்குப் போய்விடும். ஆற்றைக் கடக்க ஆமையின் முதுகை விட்டால் வேறு வழி கிடையாது. மலையில் மழை பிடித்துவிட்டதால், அன்று உச்சிப் பொழுதில் ஆமை போவதுதான் கடைசி நடை. அதை விட்டால் வெள்ளம் வடிந்து தை மாதம்தான்.

"கிளம்ப வேண்டியதுதானே! இதில் என்ன தவிப்பு?" என்று கேட்பீர்கள். தவிப்பெல்லாம் அவள் வளைக்குப் பக்கத்தில் நின்ற இலுப்பை மரத்தின் பொந்தில் இருந்தது.

அந்தக் காட்டில் முக்கால்வாசி மரங்களுக்கு உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பொந்து. அடியில் வேரோடு வேர் பின்னிக் கிடக்கும். ஒரு பொந்தில் வாயை வைத்துப் பேசினால், ஐந்து மலை தள்ளி இன்னொரு பொந்தில் கேட்கும். ஆனால் எந்தப் பிராணி பேசினாலும் ஒரே மாதிரிக் கரகரவென்றுதான் கேட்கும். யானையும் எலியும் ஒரே குரல்! பேசுகிற தோரணையை வைத்துத்தான் இன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஆளுக்கொரு பொந்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காமலே எல்லோரும் குழியாட்டம் ஆடினார்கள்: ஒருவர் குழியில் கொட்டையை ஒளிப்பார், மற்றவர் குழி எண்ணைச் சொல்லித் தேடுவார். ஆட்டத்துக்கு மூன்றே சட்டம்தான். இனத்தைக் கேட்காதே. இடத்தைக் கேட்காதே. சொந்தப் பெயரும் சொல்லக் கூடாது. சிலும்பி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் இடிமுழக்கம். ஆள் ஒரு சாண் உயரம். பெயர் மட்டும் அப்படி!

மூன்று வருஷமாக, கீழ்க்காட்டு அணியோடு மோதும் மேல்காட்டு அணிக்கு அவள்தான் தலைவி. அணியில் இன்னும் மூன்று பேர். சாம்பல், மத்தளம், கடுகு. அவர்கள் யார், எப்படி இருப்பார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு முறை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டில் யாருக்கும் தெரியுமுன் கண்டுபிடித்தது சாம்பல்தான். "குழி எண்ணைச் சொல்ல இன்னைக்கு ஏன் உனக்கு இவ்வளவு நேரம்? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. அந்த மாதிரி நண்பர்களை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? அவளுக்கும் வரவில்லை. அதனால் அவள் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள்.

"சித்தி வீட்டுக்குப் போறேன். நாலு நாள்ல வந்துடுவேன்."

நாலு நாளோ நாலு வருஷமோ, பொந்தை விட்டு நகரும் தலைவர் விடையாட்டம் ஆடித்தான் ஆக வேண்டும். அது அவர்கள் வழக்கம். போகிறவர் தன் முன்னால் உள்ள இருபது குழிகளில் ஒன்றில் ராஜாக்கொட்டையை ஒளித்து வைப்பார். அது ஒரு பெரிய புளியங்கொட்டை. மற்றவர்கள் ஒவ்வொரு குழியாகச் சொல்லித் தேட வேண்டும். கண்டுபிடித்தவர் அடுத்த தலைவர். கண்டுபிடிக்கும் வரை போகிறவர் எழுந்திருக்கக் கூடாது. யார் குழியையும் யாரும் பார்க்க முடியாது. எல்லாம் நம்பிக்கைதான்.

சிலும்பி பன்னிரண்டாம் குழியில் கொட்டையை வைத்து மண்ணை மூடினாள். மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொந்தில் வாய் வைத்தாள்.

"ஒளிச்சாச்சு! சீக்கிரம் தேடுங்க!"

"மூணாம் குழி!" என்றது மத்தளம்.

"இல்லை!"

"அப்போ... நாலு?" என்றது கடுகு.

"இல்லை!"

"மூணு!" என்றது மத்தளம் மறுபடியும்.

"அதான் இல்லைன்னு சொன்னேனே!"

"மறந்துட்டேன் தலைவா! சித்தி எங்கே ஓடிடப் போறாங்க? நிதானமா ஆடுவோம்!"

கடுகும் சிரித்தது. அதுவும் மறுபடி நாலாம் குழியையே சொன்னது. வேண்டுமென்றேதான் ஆடினார்கள்! தலைவர் நாலு நாள் இருக்க மாட்டார், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைப்போமே என்று ஆசை. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. சித்தி வீட்டுக்குப் போகிறவளுக்கு என்ன அவசரம் இருக்க முடியும்?

வெயில் ஏறியது. சிலும்பி நின்றாள், உட்கார்ந்தாள், மரத்தைச் சுற்றினாள். வால் அதுபாட்டுக்குத் துடித்தது.

கிரீச்சென்று ஒரு சத்தம்! ஆற்றங்கரை மீன்கொத்தி பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. ஆமைக்கு ஆள் கூப்பிடுவது அதன் வேலை.

"ஏய் சிலும்பி! தண்ணி படித்துறையில மூணாம் படிக்கு வந்தாச்சு! எல்லாரும் ஏறிட்டாங்க! நீ இங்கே மரத்தோட என்ன பேசிட்டிருக்கே?"

"இதோ வந்துட்டேன் மாமா! ஒரே ஒரு ஆட்டம்!"

"உன் ஒரே ஒரு ஆட்டம் எனக்குத் தெரியும்! நுழைவுத் தேர்வு அன்னைக்கும் இதைத்தானே சொன்னே!" என்று திட்டிவிட்டு மீன்கொத்தி பறந்தது.

சிலும்பி வேகமாகத் திரும்பினாள். பொந்துக்குள் கத்தினாள்.

"யாராவது ஒழுங்கா தேடுங்க!"

"சரி, நான் சொல்றேன்," என்றது சாம்பல். இவ்வளவு நேரமும் அது வாயே திறக்கவில்லை. "நீ எப்பவும் வைக்கிற பன்னிரண்டாம் குழி."

சரியான விடை! ஆட்டம் முடிந்தது. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

சிலும்பி என்ன செய்தாள் தெரியுமா? பன்னிரண்டாம் குழியைத் தோண்டிக் கொட்டையை எடுத்தாள். அவசர அவசரமாகப் பதின்மூன்றாம் குழிக்குள் போட்டு மூடினாள். யார் பார்க்கப் போகிறார்கள்?

"இல்லை!" என்றாள்.

மூன்று வருஷத்தில் அவள் ஆட்டத்தில் செய்த முதல் கள்ளம் அது. அதுவும் ஜெயிப்பதற்காக இல்லை, போகாமல் இருப்பதற்காக! சொன்ன கையோடு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இவ்வளவு நேரமும் நண்பர்கள் தன்னை விடவில்லை என்று தவித்தாளே, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தானேதான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பிறகு சாம்பல் மெதுவாகக் கேட்டது.

"இடி, நிஜமாவே சித்தி வீட்டுக்குத்தான் போறியா?"

சிலும்பி பொந்தோடு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இல்லை," என்றாள். "எனக்குச் சித்தியே கிடையாது! நான் கல்லூரியில சேரப் போறேன். அக்கரைக்கு. நாலு வருஷம். அங்கே இந்த மாதிரிப் பொந்து ஒண்ணுகூட இல்லை. உச்சிக்கு ஆமை கிளம்பிடும், இன்னைக்கு விட்டா இடம் போயிடும். உங்ககிட்ட சொன்னா நீங்க புதுத் தலைவரோடயே பழகி, என்னை மறந்துடுவீங்கன்னு பயந்துட்டேன். நான் பெரிய ஆளும் இல்லை. வெறும் கீரி. என் பேரு சிலும்பி."

சட்டங்கள் எல்லாம் ஒரே மூச்சில் உடைந்துவிட்டன.

"கீரியா!" என்று மத்தளம் அலறியது. "ஐயோ! மூணு வருஷமா கீரிகூடயா ஆடினேன்! நான் எலிங்க! வயல் எலி!"

"நான் யானைக்குட்டி," என்றது கடுகு கூச்சத்தோடு. "பேரைப் பார்த்து என்னைச் சின்னதுன்னு நினைச்சிருப்பீங்க. மன்னிச்சுக்குங்க."

சாம்பல் மட்டும்தான் பாக்கி. சிலும்பி காத்திருந்தாள்.

"நான் நல்லபாம்பு," என்றது சாம்பல் கடைசியில்.

சிலும்பியின் உடம்பில் இருந்த மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அது அவள் கையில் இல்லை, கீரிப் பிறவி! பொந்திலிருந்து இரண்டடி பின்னால் தாவிவிட்டாள். அப்புறம்தான், தன் காய்ச்சலைக் கண்டுபிடித்த குரல் இது என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து அதே இடத்தில் வாயை வைத்தாள்.

"இருக்கியா?" என்றது சாம்பல்.

"இருக்கேன்."

"கல்லூரியில என்ன படிக்கப் போறே?"

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"வைத்தியம். முதல் வருஷம்... விஷக்கடிக்கு மருந்து."

"என் கடிக்கு."

"ஆமாம்."

சிலும்பி மூட்டையின் முடிச்சைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"போன பங்குனியில ஒரு மான்குட்டி என் வாலை மிதிச்சிடுச்சு," என்றது சாம்பல். "நான் வேணும்னு கடிக்கலை சிலும்பி. பயத்துல பல்லு முந்திடுச்சு. அது அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே கிடந்தது. என்னால ஒண்ணும் செய்ய முடியலை. மூணு நாள் எனக்கு இரை இறங்கலை. அந்த மாதிரி ஒரு குட்டி பிழைக்கும்னா நீ இங்கே ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. போ! நல்லாப் படி!"

சிலும்பி அழுதேவிட்டாள்.

"ஆட்டம் முடியலையே! நீ சொன்னப்பவே கொட்டை பன்னிரண்டுலதான் இருந்தது. நான்தான் மாத்தி வெச்சேன்!"

"தெரியும். 'இல்லை'ன்னு சொல்ல உனக்கு அவ்வளவு நேரம் ஆகாது. எங்கேன்னு சொல்லாதே, ஒழுங்கா ஆடியே முடிப்போம். அவசரத்துல மாத்தினவ தூரத்துக் குழிக்குப் போயிருக்க மாட்டா. பதின்மூணு!"

"ஆமாம்!" என்று சிலும்பி கத்தினாள். "ஆமாம்! நீதான் தலைவர்!"

"ஓடுங்க தலைவா!" என்று மத்தளம் கத்தியது. "எங்க வயல் பக்கமா மட்டும் போயிடாதீங்க!"

ஓடினாள். முள்ளில் மூட்டை கிழிந்து பாதிச் சாமான் கொட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படித்துறைக்கு வந்தபோது தண்ணீர் ஐந்தாம் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆமை நகரத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் படித்துறை மருத மரத்தின் பொந்திலிருந்து கரகரவென்று குரல்கள் வந்தன. கீழ்க்காட்டு அணி வந்துவிட்டது! ஆட்டம் தொடங்கிவிட்டது! சிலும்பியின் கால்கள் தாமாகவே நின்றன.

"ஆறாம் குழி!" என்று சாம்பல் சொல்வது கேட்டது.

தப்பு! பெரிய தப்பு! கீழ்க்காட்டார் ஆறாம் குழியில் எப்போதும் கொட்டைக்குப் பதில் பொறி வைப்பார்கள். அவளுக்குத்தான் அது தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை!

"சிலும்பி!" என்று மீன்கொத்தி தலைக்கு மேல் வீறிட்டது. "குதிக்கிறியா, குடித்தனம் நடத்தப் போறியா!"

ஆமைக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு முழமாயிற்று.

சிலும்பி திறந்த வாயை மூடினாள். குதித்தாள்.

முன்னங்கால்கள் ஆமையின் ஓட்டைப் பிடித்தன. பின்னங்கால்கள் தண்ணீரில் போயின. ஏற்கெனவே ஏறியிருந்த அணில் ஒன்று அவள் காதைப் பிடித்து மேலே இழுத்தது.

"ஆடாம உட்காரு பிள்ளே! கவிழ்த்துடாதே!" என்றது ஆமை. "மணி அடிக்குமுன்னே சேர்த்துடறேன். அது என் பொறுப்பு."

நடு ஆறு வரை அந்தக் கரகரப்பு கேட்டது. சிலும்பி கழுத்தை நீட்டி நீட்டிக் கேட்டாள். சாம்பல் ஏதோ சொன்னது. மத்தளம் கத்தியது. அழுகையா கும்மாளமா, தண்ணீர்ச் சத்தத்தில் புரியவில்லை. அப்புறம் அதுவும் இல்லை.

"யார் ஜெயிச்சாங்க?" என்று அணில் கேட்டது.

"தெரியலை," என்றாள் சிலும்பி. ஒரு ஆட்டத்தின் முடிவு தெரியாமல் அவள் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விட்டுப் போக வேண்டிய நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுப் புறப்படு. உன்மேல் பிரியமுள்ளவர்கள் தாங்களே உனக்கு வழிவிடுவார்கள், ஆட்டம் நீ இல்லாமலும் நடக்கும்.