பூமயில் கடைசியாகச் சொன்னது

அந்த மடத்தில் குருவுக்கு நாற்பது வயது, சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மடத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பதிகம் கற்பிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி சொல்ல வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. பிழையில்லாமல் முடிந்தால்தான் பொங்கல். பக்தியை வயிற்றோடு முடிச்சுப் போட்டுவைத்த புத்திசாலி யாரென்று தெரியவில்லை.

ஐந்தாவதாக உட்காரும் பூமயிலுக்கு ஆறு வயது. அவளுக்கு ‘க’ வராது, ‘த’தான் வரும். ஒருநாள் அவளால் பதினொரு முறை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எப்படியோ முடிந்தபோது பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் அவளை முறைத்துக்கொண்டே தின்றார்கள்.

மறுநாள் அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் அவளைத் தாண்டி அடுத்த வரியைச் சொன்னார்கள். பொங்கல் சூடாகக் கிடைத்தது.

இரண்டு மாதம் ஆயிற்று. வீட்டிலும் பேச்சில்லை, தண்ணீருக்குக்கூடச் செம்பைத்தான் காட்டுகிறாள் என்று அவள் தாய் வந்து அழுதுவிட்டுப் போனாள். மாசிலாமணி குருவிடம் போய் நின்றார்.

“சாமி, நான் அடிச்சதில்ல. அதட்டினதுகூட இல்ல. இன்னொரு தடவை சொல்லும்மான்னுதான் சொன்னேன்.”

“எத்தனை தடவை?”

“வர்ற வரைக்கும்.”

குரு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“டவுன்ல பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்ககிட்ட காட்டினாங்க. பழக்கினா ‘க’ வந்துடுமாம். ஆனா முதல்ல அவ பேசணுமாம்.” மாசிலாமணி ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். “நான் அக்கறையில்லாம இருக்கல சாமி. தினம் அவ எங்கெங்க தவறினான்னு எழுதியிருக்கேன்.”

“கடைசியா அவ உங்ககிட்ட என்ன சொன்னா?”

மாசிலாமணி புரட்டினார். “அன்னிக்கு… நாலு இடத்துல ககரம் போச்சு.”

“எப்படிச் சொன்னான்னு கேக்கல ஐயா. என்ன சொன்னா?”

அன்றைக்குப் பொங்கல் முடிந்ததும் அந்தக் குழந்தை அவர் பின்னாலேயே ஓடிவந்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகையும் பேச்சுமாக நிறையச் சொன்னது. அவர் குனிந்து, பொறுமையாக, ஒவ்வொரு ககரத்துக்கும் நிறுத்தித் திருத்தினார். பாதியில் அது வேட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டது.

“தெரியல சாமி.” அவர் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தார். “நோட்டுலயும் இல்ல. பாவி, நான் எழுத்தைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

குரு நோட்டை வாங்கி மூடினார்.

“நாளையிலேருந்து முதல்ல எல்லாருக்கும் பொங்கல் போட்டுடுங்க. அப்புறம் அவ பக்கத்துல உட்கார்ந்து, அன்னிக்கு நீ என்ன சொன்னேன்னு கேளுங்க.”

“அவதான் பேசுறதே இல்லையே!”

“கேட்டுட்டு உட்கார்ந்திருங்க.”

“எத்தனை நாள், சாமி?”

“வர்ற வரைக்கும்.”