தாய்மார்களுக்கு வந்த கொள்ளைநோய்

அப்போது இருந்த மலை இப்போதும் இருக்கிறது. அப்போது இருந்த ராஜாதான் இல்லை. அவர் இருந்த நாளில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்களில் யாராவது நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர் என்றால், கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

கொன்றைமலை அடிவாரத்தை ஆண்ட அந்த ராஜாவுக்கு நெடுமலையன் என்று பெயர். நல்ல மனிதர். முழங்கால்தான் நல்லதல்ல. நாலடி நடந்தால் வீங்கிவிடும். குதிரையும் ஏற முடியாது. அதனால் பல்லக்கில் போவார். எட்டுப் பேர் தூக்குவார்கள், தோள் மாற்ற இன்னும் நாலு பேர் கூடவே நடப்பார்கள்.

பல்லக்குத் தூக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. முன்தண்டைச் சுமப்பவனுக்குப் பாதை தெரியும். பின்தண்டைச் சுமப்பவனுக்குப் பல்லக்கின் பலகைதான் தெரியும். ஆகவே முன்னால் போகிறவன் கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே போவான். "கல்லு" என்பான், பின்னால் வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். "பள்ளம்" என்பான், எட்டி வைப்பார்கள். "முள்ளு" என்பான், தாண்டுவார்கள். சடையன் என்பவன் இருபது வருஷமாக முன்னால் நின்று இப்படிச் சொல்லிவந்தான். அவனுடைய தம்பி வேங்கையன் பின்தண்டில் இருந்தான்.

இவர்களுக்கு மேலே புதிதாக ஓர் அதிகாரி வந்தார். தில்லைவிடங்கர் என்று பெயர். அவருக்குப் பல்லக்கில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். தூக்குகிறவர்களை மேய்க்க இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

வந்த அன்றே அவர் காதைப் பொத்திக்கொண்டார். "மகாராஜா காதில் விழுகிற பேச்சா இது? கல்லாம், பள்ளமாம், முள்ளாம். இனி எது வந்தாலும் 'எல்லாம் மங்களம்' என்றுதான் சொல்லவேண்டும்."

கல் வந்தது. "எல்லாம் மங்களம்" என்றான் சடையன். பின்னால் ஒருவனுக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

பள்ளம் வந்தது. "எல்லாம் மங்களம்." ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது.

முள் வந்தது. "எல்லாம் மங்களம்." வேங்கையன் உள்ளங்காலில் கருவேலமுள் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பல்லக்குக்குள் ராஜா, நம் நாட்டுப் பாதைகள் எவ்வளவு நேர்த்தி என்று பூரித்துப்போனார்.

மறுவாரம் ஒருவன் வந்து தலையைச் சொறிந்தான். "ஐயா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லீங்க. ஊருக்குப் போறேன்." போனவன் வரவில்லை. அடுத்தவன் வந்தான், அவன் அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. அதற்கடுத்த இரண்டு பேரின் அம்மாக்களுக்கும் அப்படியே.

தில்லைவிடங்கர் சும்மா இருப்பாரா? முதலில், மாதத்துக்கு ஒரு நல்ல தோளைத் தேர்ந்தெடுத்து அதற்கு மாலை போட்டார். தோளுக்குத்தான் மாலை, காலைக் குனிந்து பார்க்கவில்லை. அடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார். கடைசியாக, பல்லக்கு எங்கள் தாய், நாங்கள் அதன் பிள்ளைகள் என்று சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்த மறுநாள் சடையனும் வேங்கையனும் பெற்ற தாயைப் பார்க்கப் போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர் ஆறு பேரானார்கள். புதிதாகச் சேர்த்த ஆட்களோ சுண்டல் தின்ற கையைக் கழுவிக்கொண்டு அப்படியே நடந்தார்கள்.

"இந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பு வணங்கவில்லை, மகாராஜா" என்றார் தில்லைவிடங்கர்.

ராஜாவுக்குக் கண் கலங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். இன்னும் பத்தே நாள். கணவாயைத் தாண்ட வேண்டும், ஆறு பேரால் பல்லக்கு எழும்பாது. தாய் இல்லாத பெண், தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவும் இல்லாமல் போய்விடுமே என்று தவித்தார்.

அரண்மனை வைத்தியர் ஆதிமூலத்தை அழைத்தார். "என் நாட்டுத் தாய்மார்களுக்கு ஏதோ கொள்ளைநோய் கண்டிருக்கிறது. போய்க் குணப்படுத்தும்."

வைத்தியர் யோசித்தார். நெசவாளியைப் பெற்றவளுக்கு நோய் இல்லை. குயவனைப் பெற்றவளுக்கு இல்லை. பல்லக்குத் தூக்கியைப் பெற்றவளை மட்டும் தேடிப் பிடிக்கிற நோயை அவர் எந்த ஏட்டிலும் படித்ததில்லை. ஆனாலும் மருந்துப் பையோடு போனார்.

முதல் தாய் உலக்கை போட்டு நெல் குத்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் தாய் புளியமரத்தின் மேலே நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வீடு சடையன் வீடு. அவன் அம்மா, அறுத்துக்கொண்டு ஓடிய கிடாவை விரட்டிப் பிடித்து இழுத்துவந்தாள்.

"எனக்கா நோவு? எவன்யா சொன்னது?" என்றாள்.

உள்ளே வேங்கையன் கால் வீங்கிப் படுத்திருந்தான். வைத்தியர் முள்ளை எடுத்து, சீழை வடித்து, கட்டுப்போட்டார். சடையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனப்பா, இதை அரண்மனையில் சொல்லியிருக்கலாமே?"

"அம்மா மேல பொய் சொன்னா அம்மா மன்னிச்சிருவா. அதிகாரி மேல நெசத்தைச் சொன்னா அவரு மன்னிப்பாருங்களா?" என்றான் சடையன். "கூலி கொறைச்சலுன்னு போகலீங்க. முள்ளு என் கண்ணுக்குத் தெரியுது. பின்னால வர்றது என் தம்பி. மங்களம்னு சொல்லி நானே அவன் காலை அதுல வைக்க வெச்சேன். எந்த வாயால இனிமே அங்க வந்து பேசுவேன்?"

வைத்தியர் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பினார்.

"மகாராஜா, நோய் தாய்மார்களுக்கு இல்லை, அதிகாரியின் உத்தரவில் இருக்கிறது. மருந்து ஒரே வேளைதான். தில்லைவிடங்கர் பின்தண்டைச் சுமந்து கோட்டையை ஒரு சுற்று வரட்டும். முன்னால் சடையன் நடக்கட்டும், உத்தரவுப்படி பேசட்டும்."

இருந்த ஆறு பேரோடு சடையனும் தில்லைவிடங்கரும் சேர, எட்டுப் பேர் ஆயிற்று. ராஜாவின் எடைக்குப் பூசணிக்காய்களை அடுக்கிப் பல்லக்கைத் தூக்கினார்கள். ராஜா கோட்டை மதிலில் உட்கார்ந்து பார்த்தார்.

கல் வந்தது. "எல்லாம் மங்களம்" என்றான் சடையன். தில்லைவிடங்கர் அலறினார்.

பள்ளம் வந்தது. "எல்லாம் மங்களம்." அவர் மடங்கி எழுந்தார்.

முள் வந்தது. "எல்லாம் மங்களம்." இந்த முறை சத்தமே இல்லை, கண்ணீர்தான் வந்தது.

சுற்று பாதிகூட முடியவில்லை. தில்லைவிடங்கர் நொண்டிக்கொண்டு ராஜாவிடம் வந்தார். தலையைச் சொறிந்தார்.

"மகாராஜா, நான் ஊருக்குப் போகவேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை."

"உன் அம்மாவின் கருமாதிக்கு நானே வந்திருந்தேனே, அப்பா" என்றார் ராஜா.

தில்லைவிடங்கர் போனார். அவர் போன செய்தி ஊருக்குள் பரவிய மூன்றாம் நாள், ஐந்து தாய்மார்களுக்கும் ஒரேயடியாகக் குணமாகிவிட்டது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வேங்கையன் மட்டும் கால் ஆறும்வரை வீட்டில் இருந்தான். அவன் கூலி வீடு தேடிப் போயிற்று.

பல்லக்கு கணவாய் ஏறியது. "கல்லு" என்றான் சடையன். "பள்ளம்" என்றான். "முள்ளு" என்றான். தன் நாட்டில் இத்தனை கல்லும் முள்ளுமா என்று ராஜா வழியெல்லாம் திகைத்துக்கொண்டே போனார். ஆனால் ஒருவன் காலும் இடறவில்லை. முகூர்த்தத்துக்கு முதல்நாளே போய் இறங்கி, மகள் கையைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்தார்.

முன்னால் வந்து உட்கார்ந்தவர்களே, இதைக் கேட்டு எழுந்து போங்கள்: முள்ளை முள் என்று சொல்லவிடாத தலைவனிடம் காலுள்ள எவனும் தங்கமாட்டான்.