உட்காரச் சொன்ன டீச்சர்

வேலம்மாள் டீச்சரிடம் கபடி பழகிய பெண்களுக்கு முதல் பாடம் ஒன்றுதான். விழுந்தால் எழுந்திரு. அழுகையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்ட டீச்சர்தான் மாவட்ட இறுதி ஆட்டத்தில், இன்னும் நான்கு நிமிடம் இருக்கும்போது, தன் மகள் முத்தரசியை வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

பாடிப் போன முத்தரசி பிடிபட்டு விழுந்தபோது யாருடைய முழங்காலோ அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. சட்டென்று எழுந்துவிட்டாள். மண்ணைத் தட்டினாள், சிரித்தாள். தன் அணியின் பக்கம் போகாமல் எதிரணிப் பக்கம் நடந்தாள். இடைவேளைக்கு முன்னால் அவளுடைய அணி ஆடிய பக்கம் அது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை கைவிட்டுப் போயிற்று.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். "ரத்தக் கசிவு இல்லம்மா. ஆனா மூளை நல்லாக் குலுங்கியிருக்கு. மூணு வாரத்துக்கு விளையாட்டுங்கிற பேச்சே கூடாது" என்றார். மாநில அணிக்கு ஆள் எடுப்பதோ வருகிற ஞாயிற்றுக்கிழமை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஊரார் பிள்ளைன்னா எந்திரி எந்திரிம்பாங்க. சொந்தப் பிள்ளைன்னதும் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டாங்க" என்று டீக்கடையில் பேசினார்கள்.

அந்தப் பேச்சு சகாயமேரியைத்தான் அதிகம் குத்தியது. அவள் டீச்சரின் பழைய மாணவி. இப்போது அதே பள்ளியில் அவருக்குத் துணையாக அணியைப் பழக்குகிறாள். டீச்சரை யாராவது ஒரு சொல் சொன்னால் மல்லுக்கு நிற்பாள். இந்த முறை நிற்கவில்லை. அவளுக்குள்ளும் அதே கேள்வி இருந்தது.

புதன்கிழமை மாலை டீச்சர் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே முத்தரசியின் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா! ஞாயித்துக்கிழமை நான் போயே தீருவேன். சகாயம் அக்கா, நீங்களாவது சொல்லுங்க!"

டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அன்னிக்கு நீ எத்தனை பாயிண்ட் எடுத்தே?"

"நாலு" என்றாள் முத்தரசி பட்டென்று.

சகாயமேரிக்குத் திக்கென்றது. எடுத்தது ஒன்பது. இடைவேளைக்குப் பிறகு மட்டும் ஐந்து. மூன்று பேர் சேர்ந்து பிடித்த பிடியிலிருந்து விரால் மீனாக நழுவி வந்து நடுக்கோட்டைத் தொட்டாளே, நடுவரே வாயைப் பிளந்தாரே, அது?

"அந்த மூணு பேர் பிடி, முத்து?"

"எந்த மூணு பேர்?"

முத்தரசி மாறி மாறி இரண்டு முகங்களையும் பார்த்தாள்.

"ஒன்பது எடுத்தே" என்றாள் சகாயமேரி.

"சும்மா சொல்றீங்க."

"சத்தியமா."

முத்தரசியின் குரல் இறங்கிவிட்டது. "நல்லா ஆடினேனாக்கா?"

"நான் பார்த்ததுலயே அதான் நல்ல ஆட்டம்."

அதற்குமேல் அவள் அடம்பிடிக்கவில்லை. தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒரு மைதானமே சிரித்தபோது டீச்சருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று நினைக்க நினைக்கச் சகாயமேரிக்கு மலைப்பாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பைனல்ல எனக்கும் இப்படித்தான் தலையில அடிபட்டுச்சு. என்னை எந்திரின்னு சொல்லி உள்ளே அனுப்புனீங்க. நான் உங்க பிள்ளை இல்லைங்கிறதாலயா?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் எரிந்து விழுந்திருப்பார்கள். டீச்சர் கீரையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குக் கடைசிப் பாயிண்ட் எடுத்தது யாரு?"

"நான்தான். அதுலதானே ஜெயிச்சோம்."

"எப்படி எடுத்தே? சொல்லு."

சகாயமேரி வாயைத் திறந்தாள். ஊரே சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமான ஆட்டம் அது. இடது காலை நீட்டி, மூலையில் நின்றவளைத் தொட்டு... சொன்னவர்களின் குரல்கள் காதில் வந்தன. கண்ணில் ஒன்றும் வரவில்லை.

"உங்கம்மா அன்னிக்குக் கயித்தைத் தாண்டி ஓடி வந்தாங்க" என்றார் டீச்சர். "'எம்பிள்ள முழியே சரியில்ல, உட்கார வைங்கம்மா'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க. நான் கேக்காத மாதிரி ஆட்டத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். முத்து தப்பான பக்கம் நடந்தப்போ உங்கம்மா குரல்தான் கேட்டுச்சு, சகாயம். அவங்க சொன்னதைச் செஞ்சேன், பன்னெண்டு வருஷம் கழிச்சு."