நண்டு விற்க மறுத்த பாய்

அலையாத்திக் காட்டை ஒட்டிய காயலோரச் சந்தையில் சங்கிலி என்ற நண்டு பாய்மரப் பாய்க்கடை வைத்திருந்தான். கடை என்றால் ஒரு வளை. அதன் வாசலில் இரண்டு பாய்கள், ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகை சாதாரணப் பலகை இல்லை. அதன் அடியில், தண்ணீருக்குள் இருக்கிறமாதிரி, சின்னதாக ஓர் இறக்கை உண்டு. பாயில் காற்றுப் பிடித்து வேகம் வந்துவிட்டால் பலகை தண்ணீரைவிட்டு ஒரு முழம் எழும்பிப் பறக்கும்!

ஒரு நாள் காலையில் வீராயி என்ற கீரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். சங்கிலி சட்டென்று வளைக்குள் புகுந்துகொண்டான். நண்டைக் கண்டால் கீரிக்கு நாக்கு ஊறும் அல்லவா!

"அட, வெளியே வாடா! சந்தைக்குள்ள கடைக்காரனைக் கடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பலகையும் பாயும் வேணும். சீக்கிரம்!"

இரண்டு கண்கள் மட்டும் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தன. "எங்கே போகணும் அக்கா? எந்நேரம் திரும்புவே? ஒத்தையாவா, ரெண்டு பேரா?"

வீராயி காயலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் மாடன் நடுக்காயல் திட்டில் கிடந்தான். ஈச்சம்பழம் தின்ன ஆசையாக இருக்கிறது என்று நேற்று அவள்தான் சொன்னாள். இன்று விடிகாலையில், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் அவன் நடந்தே திட்டுக்குப் போனான். அங்கே வேரிடுக்கில் கால் மாட்டி முறிந்துவிட்டது. கொக்கு வந்து சேதி சொன்னது. உச்சிவேளைக்குள் தண்ணீர் ஏறித் திட்டு முழுகிவிடும். நீந்திப் போகலாம் என்றால் நீரோட்டம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவசரத்தைக் காட்டினால் விலை ஏறும். எத்தனையோ சந்தையில் ஏமாந்து, அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அது.

"எங்கே போனா உனக்கென்ன? விலையைச் சொல்லு!"

"இந்த வெறும் பாய் மூணு நுங்கு. அந்தக் கவ்விப் பாய் எட்டு நுங்கு. ஆனா அது உனக்கு வேண்டாம் அக்கா."

வீராயி கவ்விப் பாயைப் பார்த்தாள். பாய்க்குள் விலா எலும்புபோல வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு கவ்வி, பாய்மரத்தை இறுகக் கவ்வியிருந்தது. காற்றே இல்லாதபோதும் அது வயிறு புடைத்து நின்றது. பக்கத்தில் வெறும் பாயோ துவண்டு தொங்கியது.

'வேண்டாமாமே! நல்ல சரக்கை வேற யாருக்கோ ஒதுக்கி வச்சிருக்கான்!' என்று அவள் நினைத்தாள்.

"அதுதான் வேணும்! நாலு நுங்கு!"

"அக்கா, அது பலத்த காத்துக்கு..."

"அஞ்சு! வாயை மூடிக்கிட்டுக் குடு!"

பல்லைக் காட்டினாள். சங்கிலி பின்வாங்கிக்கொண்டே கொடுத்தான். ஜெயித்துவிட்டோம் என்று வீராயி பலகையில் ஏறினாள்.

காலைக் காற்று இளசாக இருந்தது. கவ்விப் பாய் கனத்தது. எவ்வளவு முக்கியும் பலகை எழும்பவே இல்லை. பாதிவழியில் காற்று அறவே நின்றதும் பாய் தண்ணீரில் சாய்ந்தது. பாய்மரத்தைச் சுற்றியிருந்த அகலமான துணி உறை வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. இழுத்தாள், கடித்தாள், திட்டினாள். பாய் அசையவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"மாடா!" என்று கத்தினாள். குரல் உடைந்துவிட்டது.

அப்போது பின்னால் ஒரு தென்னம்பாளை மிதந்து வந்தது. அதில் வெறும் பாயை ஏற்றிக் கட்டி, கொடுக்கால் துடுப்புப் போட்டுக்கொண்டு சங்கிலி உட்கார்ந்திருந்தான்!

"கொக்கு இப்பத்தான் எனக்கும் சொல்லுச்சு. நீ ஏன் அக்கா சொல்லலே? இந்தா, இதை மாட்டு. ஒரே ஒரு விலைதான். இது சந்தை இல்லே. கரை சேர்ற வரைக்கும் என்னைக் கடிக்கக் கூடாது!"

பாளையை அவள் வாய்க்கு எட்டாமல் நிறுத்தினான். இருந்தும் அவன் பாயை நீட்டினான்.

வீராயி அவனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து கேட்ட விலையை அவள் கொடுத்ததில்லை. இப்போதும் கொடுக்கவில்லை.

"கரை வரைக்கும் மட்டும் எதுக்கு? என் உசிரு இருக்கிற வரைக்கும் கடிக்க மாட்டேன். என் சாதிசனம் எவனும் உன்னைக் கடிக்க விடமாட்டேன்! போதுமா தம்பி?"

வெறும் பாய் இறகுபோல இருந்தது. அதை விசிறிபோல முன்னும் பின்னும் வீசினாள். பலகை எழும்பியது! நீரோட்டம் கீழே ஓட, அவள் மேலே பறந்தாள்.

திட்டில் மாடன் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தான். வேரைக் கடித்து அறுத்து அவனை முதுகில் ஏற்றினாள்.

திரும்பும்போது கடற்காற்று ஓங்கி அடித்தது. இரண்டு பேர் பாரம் வேறு. வெறும் பாய் படபடத்துக் கையைப் பிய்த்தது.

பாதிவழியில் சங்கிலி காத்திருந்தான். கவ்விப் பாயின் தண்ணீரை வடித்துத் தயாராக வைத்திருந்தான்.

"இப்ப இதை எடு அக்கா! இது இந்தக் காத்துக்குப் பொறந்தது!"

மாடன் கண்ணைத் திறந்தான். "ஏ புள்ளே, சாப்பாடும் மிதக்குதே!"

"சீ, வாயை அலம்பு! அது என் தம்பி!"

சங்கிலியும் பலகையில் ஏறிக்கொள்ள, கவ்விப் பாய் குலுங்காமல், நடுங்காமல் மூவரையும் கரைக்குக் கொண்டுபோனது.

"எவ்வளவு குறைச்சே?" என்று மாடன் முனகினான். அவளைத் தெரிந்தவன் அல்லவா!

"குறைக்கலே. ஏத்திக் குடுத்தேன்."

மாடன் சிரித்தான். இறுக மூடியிருந்த கையை விரித்தான். நசுங்கிப்போன ஈச்சம்பழம் இரண்டு இருந்தன. வீராயி ஒன்றை அவன் வாயில் ஊட்டினாள். மற்றதைப் பாதியாகக் கடித்து, பெரிய பாதியைச் சங்கிலியிடம் நீட்டினாள்.

பேரத்தில் ஜெயிப்பதைவிட, நமக்கு என்ன தேவை என்று அக்கறையோடு கேட்பவரிடம் உண்மையைச் சொல்வதே மேல்.